மழைச் சட்டையும் 100 கிராம் நீரும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் உங்களில் பலர் அப்பாவுடனோ மாமாவுடனோ தூண்டிலோடு கிளம்பிவிடுவீர்கள். சிலர் பக்கத்து ஈயக்குட்டையில் திலாப்பியா மீனுக்குக் காத்திருப்பீர்கள். சிலர் போர்ட்டிக்சன் பக்கம் படகேறிக் கடலுக்குப் போவீர்கள். இன்னும் சிலர் கெனிர் ஏரிவரை சென்று தோமான் மீனைத் தேடுவீர்கள். எங்கே போனாலும் நம் நாட்டில் மழை உடன் வரும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச்வரை வடகிழக்குப் பருவமழை. மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர்வரை, பெரும்பாலும் விடியற்காலையில், மலாக்கா நீரிணையைக் கடந்துவரும் ‘சுமத்ரா’ புயற்காற்று மழை. மீன் பிடிக்க நல்ல நேரம் என்று நாம் நினைக்கும் அதே விடியற்காலை!

எனவே ஒரு மழைச் சட்டை வாங்குகிறோம். தண்ணீர் உள்ளே புகாத சட்டைதான் சிறந்த சட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் ஒரு நெகிழிப் பையே போதுமே! அதில் ஒரு சொட்டுகூடப் புகாதே. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் உள்ளே சட்டை நனைந்துவிடும். மழையில் இல்லை, நம் சொந்த வியர்வையில். நல்ல மழைச் சட்டை தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்: வெளியே இருக்கும் நீர் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருக்கும் நீர் வெளியேற வேண்டும்.

100 கிராம் நீரின் கணக்கு

இது வெறும் அசௌகரியம் மட்டுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோலின் மேல் உள்ள 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை. அப்படியானால் 100 கிராம் வியர்வை ஆவியாகும்போது 240 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மனித உடலின் 1 கிலோகிராம் எடையை 1 பாகை செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 3.5 கிலோஜூல் வேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 60 × 3.5 = 210 கிலோஜூல்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கிராம் வியர்வை ஆவியாக முடியாமல் போய், அந்த வெப்பம் வேறு வழியிலும் வெளியேறாவிட்டால், உடலின் வெப்பநிலை 1 பாகைக்கும் சற்று அதிகமாக உயரும். கடினமாக உழைக்கும் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர்வரைகூட வியர்க்கலாம். காட்டுப் பாதையில் பையைச் சுமந்துகொண்டு, காற்றே நுழையாத சட்டையோடு ஏரிக்கரைக்கு நடப்பவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருவதற்குக் காரணம் இதுவே.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். படகில் மழைச் சட்டை இல்லாமல் முழுக்க நனைந்துவிட்டீர்கள். காற்று வீசுகிறது. உங்கள் பருத்திச் சட்டையில் உள்ள நீர் ஆவியாகிறது. அதே 100 கிராம், அதே 240 கிலோஜூல். அந்த வெப்பத்தின் பெரும்பங்கை இம்முறை உங்கள் உடல் கொடுக்க வேண்டியிருக்கும். அத்துடன், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சட்டை உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெப்பமண்டல நாட்டில் இருந்தும், இரவுக் கடலில் மழைக்குப் பிறகு பல் கிட்டித்துப்போவது இதனால்தான். விரல்கள் விறைத்துவிட்டால் கயிற்றைப் பிடிக்கவும் இயந்திரத்தை முடுக்கவும் முடியாது. உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரம்.

ஆக, அதே 100 கிராம் நீர் உள்ளே அடைபட்டால் உடலைச் சூடாக்கும். வெளிக்காற்றில் உலர்ந்தால் உடலைக் குளிரவைக்கும். மழைச் சட்டை என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் காவலாளி.

ரப்பர் சட்டையில் தொடங்கிய கதை

1823-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் மெக்கிண்டோஷ், நாப்தா என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் அந்த ரப்பர் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டறிந்தார். ரப்பரின் தேவை பெருகியது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. அதன் பிறகு மலாயாவில் எழுந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் நம் முன்னோர் பலர் இருந்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ரப்பரும், இன்றைய பிவிசி சட்டையும் மழையை முழுதாகத் தடுக்கும். நீராவியையும் முழுதாகத் தடுக்கும். மழைபட்டுக் குளிர்ந்த சட்டையின் உட்பக்கத்தில் உங்கள் வியர்வை ஆவி மீண்டும் நீர்த்துளியாகிறது. தே ஐஸ் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே நிகழ்வுதான் சட்டைக்குள்ளும் நடக்கிறது.

துளி போகாது, ஆவி போகும்

1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், டெஃப்லான் எனப்படும் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. கோர்டெக்ஸ் துணி இப்படித்தான் பிறந்தது. அந்தத் துளைகள் மழைத்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை. நீராவி மூலக்கூற்றைவிட ஏறக்குறைய 700 மடங்கு பெரியவை. துளி நுழைய முடியாது. ஆவி வெளியேற முடியும். விலை அதிகமான சட்டைகளில் ‘சுவாசிக்கும் துணி’ என்று எழுதியிருப்பது இத்தகைய படலத்தைக் குறிக்கும்.

அப்படியென்றால் விலை அதிகமான சட்டையை வாங்கிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

ஆவி தானாக வெளியேறாது. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். தோலுக்கு அருகே 35 பாகையில் ஈரம் நிறைந்த காற்று இருப்பதாகக் கொள்வோம். அதன் ஆவியழுத்தம் ஏறக்குறைய 5.6 கிலோபாஸ்கல். 5 பாகைக் குளிரில் பெய்யும் ஸ்காட்லாந்து மழையில் வெளிக்காற்றின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 0.9 கிலோபாஸ்கல். வேறுபாடு 4.7. நம் நாட்டில் 25 பாகையில் பெய்யும் மழையில் வெளிக்காற்றின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 3.2 கிலோபாஸ்கல். வேறுபாடு 2.4 மட்டுமே.

அதாவது, அதே சட்டை நம் மழையில் பாதி அளவுதான் சுவாசிக்கிறது! குளிர்நாட்டு விளம்பரத்தை நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அதனால் நமக்குப் படலத்தைவிடப் பயனுள்ளது எளிமையான ஒன்று: காற்றுத் திறப்பு. அக்குளுக்குக் கீழே ஜிப், முதுகில் மடிப்புக்கு அடியில் வலைத்துணி, தளர்வான தையல். நீங்கள் கையை அசைக்கும்போதெல்லாம் ஈரக்காற்று வெளியே தள்ளப்பட்டுப் புதிய காற்று உள்ளே வருகிறது. நுண்துளைகள் மெதுவாகக் கசியவிடும் ஆவியைப் பெரிய திறப்பு ஒரே மூச்சில் வெளியேற்றிவிடும்.

சீட்டில் இருக்கும் எண்

சட்டையின் சீட்டில் 1,500 மிமீ, 5,000 மிமீ, 10,000 மிமீ என்று எழுதியிருக்கும். துணியின் மேல் அத்தனை உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் அது கசியாது என்பதே பொருள். நீங்கள் படித்த சூத்திரம்தான்: அழுத்தம் = உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம்.

60 கிலோகிராம் எடையுள்ளவர் நனைந்த படகுப் பலகையில் உட்காருகிறார். எடை 600 நியூட்டன். உட்காரும் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் 10,000 பாஸ்கல். இது 1,000 மிமீ நீருக்குச் சமம். இருக்கை எலும்புகளுக்குக் கீழே இன்னும் அதிகமாக இருக்கும். மீனைத் தூக்க அவர் மண்டியிட்டால்? இரண்டு முழங்கால்களின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 60,000 பாஸ்கல். அதாவது 6,000 மிமீ.

ஆகவே, 1,500 மிமீ சட்டை கரையில் நின்று மீன் பிடிப்பவருக்குப் பெரும்பாலும் போதும். படகில் உட்கார்ந்து, மண்டியிட்டு வேலை செய்பவருக்குக் கால்சட்டை 10,000 மிமீ அளவில் இருப்பது நல்லது. மேல்சட்டைக்கு அவ்வளவு தேவையில்லை. பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது!

ஒன்றை மறவாதீர்கள். துணி கசியாவிட்டாலும் தையல் கசியும். ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் ஒரு துளை. உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலின் மேல் நீளமாகப் பட்டை ஒட்டியிருந்தால்தான் அது முழுமையான மழைச் சட்டை.

கடைக்குப் போகும்போது

மீன் பிடிப்பவரின் மழைச் சட்டை, மோட்டார் சைக்கிளோட்டியின் சட்டையிலிருந்து சற்று வேறுபட வேண்டும். இவற்றைக் கவனியுங்கள்.

• கைமுனை: தூண்டிலை வீசக் கையை உயர்த்தும்போது நீர் கையின் வழியே முழங்கைவரை ஓடிவரும். இறுக்கிக்கொள்ளும் பட்டை கைமுனையில் இருக்க வேண்டும்.

• தலைமூடி: தலையைத் திருப்பும்போது அதுவும் சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பக்கத்தில் வரும் படகும் அலையும் தெரியாது.

• வடிவம்: போர்வைபோல் தொங்கும் பொன்ச்சோ குட்டைக் கரைக்கு நல்லது, காற்று தாராளமாகப் போகும். படகில் அது வேண்டாம். காற்றில் பறந்து கண்ணை மறைக்கும். நீரில் விழுந்தால் கைகால்களில் சுற்றிக்கொள்ளும்.

• நிறம்: நம் கண் பகல் வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தை மிக எளிதில் உணரும். மஞ்சள், ஆரஞ்சு நிறச் சட்டைகள் கடலில் தெரியும். சாம்பலும் கருநீலமும் மழைக்கடலில் கரைந்துவிடும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை இருந்தால் இரவுக்கு நல்லது.

• உள்ளே அணிவது: பருத்தி வேண்டாம். பொலியெஸ்டர் இழை மிகக் குறைந்த நீரையே உறிஞ்சும், விரைவில் உலரும்.

சட்டையின் மேல் விழும் நீர் சேம்பிலையில் ஓடுவதுபோல் உருண்டோட வேண்டும். துணி பழையதாகி நீரை உறிஞ்சத் தொடங்கினால் நுண்துளைகளின் மேல் நீர்ப்படலம் மூடிக்கொள்ளும். ஆவி வெளியேறுவது மேலும் குறையும். உப்பு நீர் பட்ட சட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். கடையில் கிடைக்கும் நீர்விலக்குத் தெளிப்பானைப் பூசினால் துளிகள் மீண்டும் உருளும்.

எந்தச் சட்டையும் தடுக்காதது

மின்னலைத் தடுக்கும் மழைச் சட்டை உலகில் இல்லை. இன்றைய தூண்டில் கழிகள் பலவும் கார்பன் இழையால் ஆனவை. அவை மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீரின் நடுவே உயரமான பொருள் நீங்களும் உங்கள் கழியும்தான். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி 3 நொடியில் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் செல்லும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கழியைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பாதீர்கள். நல்ல மழைச் சட்டை அணிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்று நினைப்பதுதான் மிகவும் ஆபத்து. கிளம்பும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: உயிர்காப்பு அங்கியை மழைச் சட்டைக்கு மேலே அணியுங்கள், உள்ளே அல்ல. தானாகக் காற்று நிரம்பும் வகை அங்கி, இறுக்கமான சட்டைக்குள் விரிந்தால் மார்பையே நெருக்கும்.

செய்து பாருங்கள்

1. இடக்கையை நெகிழிப் பையிலும் வலக்கையை மெல்லிய பருத்தித் துணியிலும் தளர்வாகச் சுற்றி 10 நிமிடம் காத்திருங்கள். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டு மின்விசிறிக்கு முன் நீட்டுங்கள். எந்தக் கை அதிகம் குளிர்கிறது? ஏன்?

2. உங்கள் பழைய மழைச் சட்டையின் ஒரு கையை நடுவே மடித்துப் பிடித்து, 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் சொட்டு துணியில் வருகிறதா, தையலில் வருகிறதா?

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கேமரன் மலையில் 16 பாகையில் மழை பெய்கிறது. அங்கே ‘சுவாசிக்கும்’ சட்டை கோலாலம்பூரைவிட நன்றாக வேலை செய்யுமா? ஆவியழுத்த வேறுபாட்டைக் கொண்டு விளக்குக.

2. உங்கள் எடையைக் கொண்டு, 100 கிராம் வியர்வை ஆவியாகாவிட்டால் உங்கள் உடல் வெப்பநிலை எவ்வளவு உயரலாம் என்று கணக்கிடுக.

3. உங்கள் தம்பிக்கு 1,500 மிமீ சட்டை ஒன்று இருக்கிறது. அவன் எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே கூடாது? காரணம் தருக.

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டி விவாதியுங்கள். அடுத்த முறை கடையில் மழைச் சட்டையைத் தொடும்போது, விலைச் சீட்டுக்கு முன்பாக அதன் தையலைத் திருப்பிப் பாருங்கள்.