சைக்கிளுக்கு ஒரு தனித்தடம்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு நோயையோ ஒரு மருந்தையோ எடுத்துக்கொண்டு விளக்குவோம். இம்முறை சாலையை எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு தாய் எங்களிடம் கேட்ட கேள்வி.

அவருடைய கணவர் தையூர்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் இரவுக் காவலர். விடியற்காலையில் பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னாலிருந்து வந்த வாகனம் ஒன்று உரசியதில் தொடை எலும்பு முறிந்து வந்து சேர்ந்தார். அறுவை சிகிச்சை நடந்து நான்காம் நாள், கட்டிலருகே அமர்ந்திருந்த அவர் மனைவி எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டார்: “மேடம், பெரிய பொண்ணு பதினொண்ணாவது படிக்குது. இஸ்கூல்ல சைக்கிள் குடுத்திருக்காங்க. அதுல அனுப்பலாமா, வேணாமா?”

மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடிய விடை இதற்கு இல்லை. உடற்பயிற்சி செய்யுங்கள், சைக்கிள் மிதியுங்கள் என்று சர்க்கரை நோய்ப் பிரிவிலும் இதயப் பிரிவிலும் நாள்தோறும் சொல்பவர்கள் நாங்களே. சைக்கிளிலிருந்து விழுந்தவர்களுக்குத் தையல் போடுபவர்களும் நாங்களே. இந்த இரண்டு அறிவுரைகளுக்கும் இடையில் கிடப்பது சாலை.

கேளம்பாக்கத்தை அறிந்தவர்களுக்கு இவ்வூரின் அமைப்பை விவரிக்கத் தேவையில்லை. பழைய மாமல்லபுரம் சாலை, வண்டலூரிலிருந்து வரும் சாலை, கோவளத்துக்குச் செல்லும் சாலை ஆகிய மூன்றும் இங்கே கூடுகின்றன. ஒரு பக்கம் உப்பளமும் காயலும், மறுபக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் இரு வகையினர். வார இறுதி விடியலில் தலைக்கவசமும் இறுக்கமான உடையும் அணிந்து கோவளம், மாமல்லபுரம் என்று விரைகின்றவர்கள் ஒரு வகை; செய்தித்தாள்கள் படம் பிடிப்பது இவர்களைத்தான். கட்டடத் தொழிலாளர், காவலர், மீன் விற்பவர், வார்டு உதவியாளர், பள்ளி மாணவர் என்று வேறு வாகனம் இல்லாமையால் சைக்கிளில் செல்பவர்கள் மற்றொரு வகை. எங்கள் அவசரப் பிரிவுக்கு இரு வகையினரும் வருகிறார்கள். தடம் யாருக்கு என்ற விவாதத்தில் இரண்டாம் வகையினரின் குரல் அரிதாகவே கேட்கிறது.

சென்னைப் பெருநகரில் 2008ஆம் ஆண்டு வாக்கில் நடந்த போக்குவரத்து ஆய்வின்படி, நூறு பயணங்களில் ஏறத்தாழ 28 நடையாகவும் 6 சைக்கிளிலும் நிகழ்ந்தன. அதாவது மூன்றில் ஒரு பங்குப் பயணத்துக்கு எரிபொருளே தேவைப்படவில்லை. ஆயினும் சாலைக்கான செலவு அந்த விகிதத்தில் பிரிக்கப்படவில்லை. இதை உணர்ந்து 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய மாநகரங்களில் இதுவே முதல். போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அது கூறியது. அதன் பின் பல தெருக்களில் நடைபாதை அகன்றது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடையர் வளாகம் எல்லோரும் அறிந்தது. அதே ஆண்டில் வாடகைச் சைக்கிள்களும் வந்தன. நடைபாதை வளர்ந்த அளவுக்குச் சைக்கிள் தடம் வளரவில்லை என்பது எங்கள் எண்ணம். நடைபாதைக்குக் கடைக்காரரிடம் இடம் கேட்டால் போதும். சைக்கிள் தடத்துக்குக் கார்களிடமிருந்து இடம் பெற வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 சூனில், மத்திய வீட்டுவசதி நகர்ப்புற அமைச்சகம் சைக்கிளுக்காக நகரங்களிடையே ஒரு போட்டியை அறிவித்தது. சென்னை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பதிவு செய்தன. பெங்களூர் தன் வெளிவட்டச் சாலையில் கம்பங்கள் நட்டு ஒரு தற்காலிகத் தடத்தை அமைத்தது. சில மாதங்களில் கம்பங்கள் பல இடங்களில் உடைந்தன. இருசக்கர மோட்டார் வாகனங்கள் குறுக்குவழியாக அதனுள் புகுந்தன. இந்நிகழ்வை நாங்கள் தோல்வி என்று ஒதுக்க மாட்டோம். எலும்பு கூடும் வரை மாவுக்கட்டு உறுதியாக இருக்க வேண்டும். பாதியில் தளர்ந்தால் கட்டே போடாததற்குச் சமம். தடமும் அப்படித்தான்.

தடம் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். சாலையோரம் வெள்ளைக் கோடு கிழித்துச் சைக்கிள் படம் வரைவது ஒன்று. அது ஓட்டுநருக்கு நினைவூட்டும், அவரைத் தடுக்காது. மாலையில் அதன் மேல் கார் நிற்கும், சைக்கிள்காரர் அதைச் சுற்றிக்கொண்டு வேகப் போக்குவரத்துக்குள் நுழைவார். கோடு இல்லாத சாலையைக் காட்டிலும் இது சில இடங்களில் ஆபத்து மிகுந்தது. கம்பங்களோ தாழ்ந்த திட்டுகளோ இட்டுப் பிரிப்பது இரண்டாவது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே தனி உயரத்தில், சுமார் இரண்டு மீட்டர் அகலத்தில் கட்டுவது மூன்றாவது. பெண்களும் சிறாரும் முதியோரும் மனமுவந்து ஓட்டுவது பெரும்பாலும் பின்னைய இரண்டிலும்தான். கோடு மட்டும் இருக்கும் தடத்தில் துணிந்த இளைஞர்களையே காண்கிறோம்.

தடம் தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம் இதற்கு நல்ல சான்று. வெயிலில் நம் ஊருக்குச் சற்றும் குறையாத நகரம் அது. சைக்கிள் பழக்கம் ஏறத்தாழ மறைந்துவிட்ட அந்நகரில், 2006க்குப் பின் சில ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் தனித்தடம் ஒரே வலையாக அமைக்கப்பட்டது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போடாமல் ஒரே மூச்சில் இணைத்துப் போட்டதால் மக்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் கதை இன்னும் பழையது. 1971இல் அச்சிறு நாட்டில் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இன்று நாம் வியக்கும் அந்நாட்டுத் தடங்களுக்கு வித்திட்டவற்றுள் முக்கியமானது அப்போராட்டம்.

நம்மிடமும் அத்தகைய மரபு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். சந்தைக்கும் கல் குவாரிக்கும் சுகாதார நிலையத்துக்கும் யாரையும் எதிர்பாராமல் சென்றார்கள். பின்னர் பள்ளி மாணவிகளுக்குத் தொடங்கி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விலையில்லா சைக்கிள் வழங்கும் திட்டம் வந்தது. வண்டியை அரசு கொடுத்துவிட்டது. அது ஓடுவதற்கான இடம் பாக்கி இருக்கிறது.

“தடம் போட்டால் சாலை குறுகுமே, ஆம்புலன்ஸ் எப்படி வரும்?” என்று உடனிருப்போர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான அச்சம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே செயின்ட் தாமஸ் மருத்துவமனை வாயிலில் தடம் அமைந்தபோது அம்மருத்துவமனை நிர்வாகமே ஆட்சேபம் தெரிவித்தது. அங்கே காரணம் ஆம்புலன்ஸ் அன்று. பேருந்து நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே தடம் செல்வதால், பேருந்திலிருந்து இறங்கும் நோயாளிகளும் பார்வையற்றோரும் சைக்கிள்களைக் கடந்தே உள்ளே வர வேண்டும் என்பதே அவர்கள் கவலை. மருத்துவமனை வாயிலுக்கு இது மெய்யான சிக்கல். சைக்கிள்களின் வேகம் குறைய அவ்விடத்தில் தடத்தை உயர்த்த வேண்டும், கடக்குமிடம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஊன்றுகோலோடு காத்து நிற்க அகன்ற திட்டு வேண்டும்.

ஆம்புலன்ஸைப் பொறுத்தவரை எங்கள் ஓட்டுநர்கள் சொல்வதையே எழுதுகிறோம். அவர்களைத் தாமதப்படுத்துவது அடைத்துக்கொண்டு நிற்கும் வாகனங்களும் வழிவிடாதவர்களும். சைக்கிள்காரர் ஒரே நொடியில் வண்டியை ஓரம் தள்ளி வழிவிடுவார்; கார் எங்கே ஒதுங்கும்? போதிய அகலத்தோடு, இடையில் சுவர் எழுப்பாமல் அமைந்த தடத்தில் அவசரத்தின்போது ஆம்புலன்ஸே செல்லலாம். லண்டனில் அப்படிச் செல்வதுண்டு. அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். வாகனத்தின் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் மோதலின் ஆற்றல் இரு மடங்காகாது, நான்கு மடங்காகும். மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் தெருக்களில் 30க்கு மேல் வேண்டாம் என்று உலக நாடுகளின் அமைச்சர்கள் 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடி அறிவித்ததன் அடிப்படை இதுவே. உள்தெருக்களில் தனித்தடமே தேவையில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும். விரைவுச் சாலைகளில் பிரித்தே ஆக வேண்டும்.

இனி, உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற செய்திகள். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கோ சந்தைக்கோ நாளும் சைக்கிளில் சென்று வந்தாலே அதில் பெரும்பகுதி நிறைவேறும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சைக்கிள் நடையைக் காட்டிலும் எளிது. உடலின் எடையை இருக்கை தாங்குகிறது. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். நம் ஊரில் பலரும் தாழ்ந்த இருக்கையில் மிதித்து முழங்காலை வருத்திக்கொள்கிறார்கள்.

பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மார்பெலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை சாலையில் சைக்கிள் வேண்டா. மருத்துவர் அனுமதித்தபின் நிலையான சைக்கிளில் தொடங்கலாம். இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் நான்கு சர்க்கரைக் கட்டிகளோ மிட்டாய்களோ வைத்திருங்கள். கை நடுங்கினால் இறங்கிவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேளாமல் ஓட்டலாகாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் தலையில் சிறிதே அடிபட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வீக்கம் இல்லை, வலி இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டா.

விபத்தைக் கண்டால் 108ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் நம்மவரின் வழக்கம், இரண்டும் தீங்கு. கழுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். உதவியவரைத் தம் பெயரைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த இயலாது. சட்டம் அவரைக் காக்கிறது. நம் மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்ற எவருக்கும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டு, கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை கையில் இல்லையே என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்தக் காவலரின் குடும்பத்தார் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தத் தயக்கத்திலேயே கழித்தார்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் சைக்கிளை நிறுத்தினால் அப்பெண் இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். தந்தை வேலைக்குப் போகாத மாதங்களில் பள்ளியே நின்றுபோகவும் கூடும். எனவே எங்கள் சமூகப் பணியாளர் அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் வழியை வரைந்தார். பெரிய சாலையில் செல்லும் தொலைவு அரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும்படி உள்தெருக்கள் வழியாக ஒரு பாதை கிடைத்தது. அந்த அரைக் கிலோமீட்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்து கடப்பது என்று முடிவாயிற்று. பின் சக்கரக் காப்பில் சிவப்பு ஒளிர்பட்டை, மாலை வகுப்பு நாள்களில் விளக்கு, ஒரு தலைக்கவசம், அதே தெருவிலிருந்து செல்லும் இன்னொரு மாணவியின் துணை. இவ்வளவே எங்களால் செய்ய முடிந்தது. அந்த அரைக் கிலோமீட்டருக்குத் தடம் போடுவது எங்கள் கையில் இல்லை. ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் வேண்டுகோள் ஒன்றை எழுதியிருக்கிறோம். அதன் படி வெளிநோயாளர் பிரிவின் பதிவு மேசையில் இருக்கிறது. இப்பகுதியில் சைக்கிளில் செல்லும் வாசகர்கள் தங்கள் வழியில் கடினமான இடம் எது என்று அங்கேயுள்ள தாளில் குறித்துத் தந்தால் அதனோடு சேர்த்து அனுப்புவோம்.

காவலர் சென்ற வாரம் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது. சைக்கிளை எப்போது தொடலாம் என்று கேட்டார். இன்னும் எட்டு வாரம் என்றோம். மகள் அதுவரை தம் சைக்கிளின் மணியைக் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதன் ஓசை பெரிதாம்.