108 வரும் வரை: குருதிப்போக்கை நிறுத்தக் கற்போம்

எங்கள் பள்ளி காட்டை ஒட்டிய மலையடிவாரத்தில் இருக்கிறது. பயிரை மேய வரும் பன்றிக்காக நாட்டுத் துப்பாக்கியும், அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியும் சட்டத்துக்குப் புறம்பாகப் புழங்கும் பகுதி இது. பிள்ளைகள் இடைவேளையில் இவற்றைப் பற்றிச் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அறிவியல் ஆசிரியராகவும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாசிரியராகவும் இருக்கும் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். ஒரு பிள்ளைக்குக் குண்டு பட்டுவிட்டால், ஆம்புலன்ஸ் மலையடிவாரத்துக்கு வந்து சேரும் வரை நாம் என்ன செய்வது? அதற்கான பயிற்சி எங்கே கிடைக்கும்? அந்தத் தேடலில் தெரிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தனிப் பயிற்சி தேவையா?

முதலில் 108 வாகனத்தில் பணியாற்றும் மருத்துவ உதவியாளர் ஒருவரிடம் கேட்டேன். "குண்டுக் காயத்துக்கு முதலுதவி செய்ய எங்கே தம்பி கத்துக்கலாம்?"

"அதுக்குனு தனியா தேட வேண்டாம் டீச்சர். குண்டு பட்டாலும், அரிவாள் பட்டாலும், ஜன்னல் கண்ணாடி அறுத்தாலும் உயிரை எடுக்கிறது ரத்தம் போறதுதான். அதை நிறுத்தக் கத்துக்கோங்க. மத்ததை ஆஸ்பத்திரி பார்த்துக்கும்."

என் தேடலின் திசையை மாற்றிய பதில் இது. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி இருக்கிறது. 25 கிலோ எடையுள்ள நான்காம் வகுப்புக் குழந்தையின் உடலில் 2 லிட்டர்கூட இருக்காது. பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அந்தச் சில நிமிடங்களில் குழந்தையின் அருகில் இருப்பவர் மருத்துவர் அல்லர், ஆசிரியர்.

பள்ளியில் பிறந்த பாடம்

இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னது ஒரு பள்ளியில் நடந்த கொடுமை. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும் உயிரிழந்தனர். அதன்பின் 2013இல் லென்வொர்த் ஜேக்கப்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரின் முன்முயற்சியால், அம்மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் மருத்துவர்களும் காவல் துறையினரும் மீட்புப் பணியினரும் கூடி ஆராய்ந்தனர். குருதிப்போக்கைத் தடுப்பது காயம்பட்ட இடத்திலேயே தொடங்க வேண்டும், அதைப் பொதுமக்களும் கற்க வேண்டும் என்பதே அவர்கள் வலியுறுத்தியது. 2015 அக்டோபரில் 'ஸ்டாப் த ப்ளீட்' என்ற பயிற்சி இயக்கம் தொடங்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலம் 2019இல் சட்டமே இயற்றி, அரசுப் பள்ளிகளில் குருதி நிறுத்தும் பொருள்கள் அடங்கிய பெட்டிகளை வைக்கச் சொன்னது.

நம் பள்ளிகளின் நிலை வேறு. இங்கு நாம் அஞ்ச வேண்டியவை உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த தகரம், பட்டாசு, பள்ளி வாசலில் விரையும் வாகனம் போன்றவை. ஆனால் கற்க வேண்டிய பாடம் ஒன்றே.

மூன்று படிகள்

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். துப்பாக்கியோ வெடியோ அருகில் இருந்தால் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். ஒருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். கையுறை இருந்தால் அணியுங்கள். இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

1. அழுத்துங்கள். ஆடையை விலக்கி, குருதி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சுத்தமான துணியை வைத்து, இரு கைகளாலும் உடல் எடையைக் கொடுத்து விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள்.

2. அடையுங்கள். காயம் ஆழமாக இருந்தால், குறிப்பாகப் பட்டை கட்ட முடியாத தோள், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் இருந்தால், காஸ் துணியைக் காயத்துக்குள் நிறைத்து அடைத்து, அதன் மேல் அழுத்த வேண்டும். மார்பு, வயிற்றுக் காயங்களில் இப்படி அடைக்கக் கூடாது. அங்கே உள்ளே கசியும் குருதியை நம்மால் நிறுத்த முடியாது. விரைவாக மருத்துவமனை சேர்ப்பதே வழி.

3. இறுக்குங்கள். கையிலோ காலிலோ பீறிடும் குருதி அழுத்தியும் நிற்கவில்லை என்றால் டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப்பட்டை தேவை. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்டி, குருதி நிற்கும் வரை முறுக்க வேண்டும். மிகவும் வலிக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். அவிழ்ப்பது மருத்துவரின் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த இறுக்குக் கட்டு கட்டுக்கடங்காத குருதிப்போக்குக்கு மட்டுமே. பாம்புக்கடிக்கு இப்படிக் கட்டக் கூடாது. நம் ஊர்களில் இன்றும் கயிற்றால் இறுக்கிக் கட்டும் வழக்கம் இருப்பதால், பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள்.

குண்டுக் காயம் என்றால்

குண்டு நுழைந்த துளை சிறிதாக இருந்தாலும் உள்ளே சேதம் பெரிதாக இருக்கலாம். சில வேளை மறுபுறம் வெளியேறிய துளையும் இருக்கும். அதனால் முதுகுப்புறத்தையும் பார்க்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கியின் ரவைகள் பல இடங்களில் பட்டிருக்கலாம்.

திரைப்படங்களில் கத்தியைச் சூடுகாட்டிக் குண்டைத் தோண்டி எடுத்ததும் நாயகன் எழுந்து நடப்பார். உண்மையில் குண்டையோ குத்தி நிற்கும் கண்ணாடியையோ நாம் எடுக்கவே கூடாது. எடுத்தால் குருதிப்போக்கு கூடும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் போடக் கூடாது. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்கத் தண்ணீரும் தர வேண்டாம்.

"போலீஸ் கேஸ் ஆச்சே, ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா?" என்ற தயக்கமும் வேண்டாம். காயம்பட்டவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் சட்ட நடைமுறை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. சாலை விபத்தில் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் பாதுகாப்பு தருகிறது.

பயிற்சி கிடைக்கும் இடங்கள்

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் கொடுத்தால் பயிற்சியாளரை அனுப்பக் கேட்கலாம். பேருந்து நடத்துநர் உரிமத்துக்கான முதலுதவிச் சான்றிதழுக்குப் பலரும் செல்லும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இன்னொரு வழி. அருகிலுள்ள அரசு மருத்துவமனையையும் 108 பணியாளர்களையும் அணுகலாம்.

நாங்கள் இந்த வழிகளில்தான் அரைநாள் பயிற்சி பெற்றோம். அதில் ஒன்று விளங்கியது. முதலுதவி என்ற பெயரில் பல பயிற்சிகள் படவிளக்கத்தோடு முடிந்துவிடும். ஆகவே கேட்கும்போதே, "கடும் குருதிப்போக்கை நிறுத்துவதை ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். பார்த்துக் கற்றது பதற்றத்தில் மறந்துவிடும். கை பழகியது மறக்காது.

வகுப்பறையில் செய்து பார்க்க

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டப் பாடம் நடத்தும்போது இதைச் செய்கிறேன். தடித்த பஞ்சுத் துண்டில் துளையிட்டு, அதில் குளுக்கோஸ் ஏற்றும் பழைய சுத்தமான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிவப்புச் சாயநீர் உள்ள பாட்டிலில் இணைத்து உயரத்தில் தொங்கவிடுவோம். மாணவர் துணியால் அடைத்து அழுத்தி, நீர் நிற்கும் வரை பிடிக்க வேண்டும். லேசாகத் தொட்டால் நிற்காது என்பது உடனே புரியும்.

எடை பார்க்கும் கருவியையும் பயன்படுத்துகிறோம். முதலில் விரல்களால் அதை அழுத்தச் சொல்வேன். பிறகு முழங்கையை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் வைத்து, உடலைச் சாய்த்து அழுத்தச் சொல்வேன். இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதினால் வேறு விளக்கமே தேவையில்லை. அப்படியே மூன்று நிமிடம் பிடித்திருக்கச் சொல்லுங்கள். கை எவ்வளவு விரைவில் சோர்கிறது என்பது அப்போது தெரியும். அடுத்தவர் எப்போது மாற வேண்டும் என்பதையும் பிள்ளைகளே சொல்வார்கள்.

ஒரு பெட்டி, ஒரு பயிற்சி

பள்ளி முதலுதவிப் பெட்டியை நாளையே திறந்து பாருங்கள். டிஞ்சரும் சிறிய பிளாஸ்டரும் மட்டும் இருந்தால் அது சிராய்ப்புக்கான பெட்டி. அத்துடன் கையுறை, காஸ் சுருள்கள், அகலமான பேண்டேஜ், கத்தரிக்கோல், நேரம் குறிக்க ஒரு பேனா ஆகியவற்றைச் சேருங்கள். முடிந்தால் முறையான டூர்னிக்கெட் ஒன்றையும் வாங்கி வையுங்கள். பெட்டியைப் பூட்டிய பீரோவில் வைக்காமல், எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே பயிற்சிக்கான கடிதத்தை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சத்துணவு அமைப்பாளரையும் தூய்மைப் பணியாளரையும் அந்தப் பயிற்சிக்குச் சேர்த்தே அழையுங்கள். ஒரு குழந்தை அடிபட்டு விழும்போது யார் அருகில் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. யார் இருந்தாலும் அவருக்கு அழுத்திப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.