கொட்டேஷன் போட எந்த மென்பொருள்?

மாடுலர் கிச்சன் தொழிலில் முதல் கொட்டேஷன் போடுவது பெரிய வேலையே இல்லை. அளவெடுத்து, சதுர அடி ரேட்டைப் பெருக்கி, கீல், டிராயர் விலைகளைச் சேர்த்தால் முடிந்தது. தலைவலி அதற்குப் பிறகுதான். லேமினேட் வேண்டாம், அக்ரிலிக் போடுங்கள் என்பார்கள். லாஃப்ட் சேர்க்கச் சொல்வார்கள். ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் சிங்க்குக்குக் கீழே மட்டும் போதாதா, மற்ற இடத்தில் ஐஎஸ் 303 போட்டால் எவ்வளவு குறையும் என்று கேட்பார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். "ஓகே சார், வேலையை ஆரம்பிச்சிடுங்க" என்று பதில் வரும். எந்த பிடிஎஃபுக்கு அந்த ஓகே? கார்பென்டர் கையில் இருப்பது பழைய பிரிண்ட் என்றால் வெட்டிய பலகை அத்தனையும் நஷ்டம்.

அதனால் மென்பொருள் தேடும்போது டெம்ப்ளேட் அழகைப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் கடைசியாக எதற்குச் சம்மதித்தார் என்பதை அது சந்தேகமில்லாமல் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கணக்குப் போடுவதில் எக்செல்லை மிஞ்ச ஆளில்லை. மாதம் நாலைந்து கொட்டேஷன், அதையும் முதலாளியே போடுகிறார் என்றால் வேறெதுவும் வேண்டாம்; ஒவ்வொரு திருத்தத்தையும் தனி ஃபைலாக, எண் போட்டு வைத்தால் போதும். எண்ணிக்கை கூடும்போதுதான் சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கிச்சனோடு டிஷ்வாஷரும் சேர்த்துக் கொட்டேஷன் கொடுத்திருந்தவர்கள், பதிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் தேடித் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. பில்லிங் மென்பொருளில் பொருளின் வரியை ஒரே இடத்தில் மாற்றினால் புதிய கொட்டேஷன்கள் சரியாக வரும். ஏற்கெனவே அனுப்பியவை பழைய வரியோடேதான் நிற்கும், அவற்றைத் திருத்தித்தான் ஆகவேண்டும். ஆனால் இன்னும் முடிவாகாதவை எவை என்ற பட்டியலாவது உடனே கைக்கு வரும்.

கணக்கு ஏற்கெனவே டேலி பிரைமில் ஓடுகிறதென்றால் வேறு எங்கும் போகுமுன் அதையே முயன்று பாருங்கள். சேல்ஸ் ஆர்டர் வவுச்சரில் கன்ட்ரோல், எல் இரண்டையும் சேர்த்து அழுத்தி ஆப்ஷனல் ஆக்கினால் அது கொட்டேஷன், கணக்கில் ஏறாது. வேலை உறுதியானதும் அதைத் திறந்து மறுபடி அதே விசைகளை அழுத்தினால் ஆர்டராகிவிடும். பார்ட்டி பெயரையோ ஹெச்எஸ்என் எண்ணையோ இரண்டாம் முறை டைப் செய்ய வேண்டாம். திருத்தம் வந்தால் மட்டும் பழைய வவுச்சரிலேயே கை வைக்காமல் புதிதாக ஒன்று போடுங்கள்.

ஜோஹோ இன்வாய்ஸ் 2021 முதல் இலவசம். கொட்டேஷனின் இணைப்பை அனுப்பினால் வாடிக்கையாளர் அதிலேயே ஏற்கலாம், மறுக்கலாம். எந்தப் பிரதிக்குச் சம்மதம் என்ற சண்டைக்கு இதைவிட எளிய தீர்வு நான் பார்க்கவில்லை. ஏற்றதை அப்படியே இன்வாய்ஸாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கணக்காளர் டேலியில் இருந்தால் அதே பில்லை அங்கேயும் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இரட்டை வேலையைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்று முதலில் யோசியுங்கள்.

விற்பனைக்கே தனியாக நாலைந்து பேர் இருந்தால் இஆர்பிநெக்ஸ்ட் பொருந்தும். சப்மிட் செய்த கொட்டேஷனை ரத்து செய்து திருத்தும்போது, அதே எண்ணின் வாலில் 1, 2 என்று சேர்ந்து வரிசை தெளிவாக நிற்கும். கைநழுவிய வேலைகளுக்குக் காரணத்தையும் பதியலாம். விலையால் போனதா, தாமதத்தால் போனதா என்பது வருடக் கடைசியில் தெரியும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் லைசென்ஸ் செலவு இல்லை. நிறுவவும் பராமரிக்கவும் விஷயம் தெரிந்தவருக்குச் சம்பளம் உண்டு. இரண்டு பேர் கடைக்கு இது வேண்டவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கொட்டேஷனில் செல்லுபடியாகும் தேதியைப் போடாமல் அனுப்பாதீர்கள். பிளைவுட் விலை ஏறியபின் ஆறு மாதப் பழைய காகிதத்தோடு வருபவரிடம் பேச அந்த ஒரு வரிதான் துணை.

பணம் கட்டுவதற்கு முன், மூன்று முறை மாறிய பழைய வேலை ஒன்றை முழுதாக அதில் போட்டுப் பாருங்கள். பிறகு கடையில் பில் போடுபவரை அழைத்து, கார்பென்டருக்குத் தரவேண்டிய கடைசிப் பிரதியை எடுக்கச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் அவரால் எடுக்க முடிந்தால் வாங்கலாம்.