பகாப்பதமும் பகா எண்ணும்

தமிழ்ப்பள்ளியில் 'பகா எண்' என்று படித்தோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதுவே 'நொம்போர் பெர்டானா' ஆயிற்று. 'பெர்டானா' என்றால் முதன்மை. எதில் முதன்மை என்று அச்சொல் கூறுவதில்லை. தமிழ்ச்சொல்லோ பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

நன்னூலின் பதவியல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாகப் பிரிக்கும். 'செய்தான்' என்பதைச் செய்+த்+ஆன் எனப் பகுக்கலாம். 'மரம்' என்பதைப் பகுத்தால் பொருள் கெடும். எண்களுக்கும் இதே நிலைதான். 12 என்பது 2×2×3 எனப் பகுபடும், 13 பகுபடாது. 1ஐவிடப் பெரியதாய், 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் முழு எண்ணே பகா எண்.

ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் கன்று அடுக்கியவர்களுக்கு இது புதிதல்ல. 12 செம்பனைக் கன்றுகளை நிரைக்கு நான்காக 3 நிரையும் வைக்கலாம், ஆறாக 2 நிரையும் வைக்கலாம். 13 கன்றுகளை ஒரே நிரையாக நீட்டலாம். பல நிரைகளாக்கினால் சமமாகா.

பகா எண்கள் எங்காவது முடிந்துவிடுமா? 100க்குள் 25 உள்ளன, 1000க்குள் 168தான். போகப் போக அருகுகின்றன. ஆயினும் முடிவில்லை என்பதை யூக்ளிட் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார். நமக்குத் தெரிந்த பகா எண்கள் 2, 3, 5, 7 மட்டுமே என்று கொள்வோம். அவற்றைப் பெருக்கி 1 கூட்டினால் 211. அந்நான்கில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். எனவே பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று இருந்தே தீரும். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இதே கதைதான்.

சரி, எவ்வளவு தூரம்வரை அருகும்? 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு என பெர்ட்ராண்ட் 1845இல் ஊகித்தார். செபிஷேவ் அதை நிறுவினார். ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் 1919இல், இந்தியக் கணிதக் கழக இதழில், இரண்டே பக்கங்களில் புதிய நிறுவல் தந்தார். அதோடு நிற்கவில்லை. 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரை குறைந்தது 2 பகா எண்கள் உண்டு. 17 முதல் 3. 29 முதல் 4. 41 முதல் 5 என்றார். 2, 11, 17, 29, 41 எனத் தொடரும் இவ்வெண்கள் இன்று 'இராமானுஜன் பகா எண்கள்' எனப்படுகின்றன. மறு ஆண்டே, தம் 32ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தமிழில் கணக்குப் படித்தால் பின்தங்குவோம் என்னும் பேச்சு நம்மிடையே உண்டு. பகாப்பதம் அறிந்த மாணவனுக்குப் பகா எண் பாதி விளங்கிவிடும். மலாயிலும் ஆங்கிலத்திலும் மேலே கற்போம்; தம்பி தங்கையருக்குச் சொல்லித்தரும்போது இச்சொல்லிலிருந்து தொடங்குவோம்.