நம் சுற்றுலாவுக்கு ஒரு நகரும் வரைபடம்

இந்தத் தாள் கணினிப் பகுதி. கதை, கவிதை தேடி வந்தவர்கள் பக்கத்துத் தாளுக்குப் போகலாம், கோபமில்லை!

பதினோராம் வகுப்புக் கணினிப் பிரிவு சேர்ந்து சுற்றுலாவுக்கென்று ஒரு வலைச் செயலி செய்துகொண்டிருப்பது பலருக்குத் தெரியும். யார் வருகிறார்கள், யார் பணம் கட்டியாச்சு என்ற பட்டியல்தான் முதலில் அதில் இருந்தது. வரைபடம் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. போகிற இடங்கள் மூன்று: தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை (தஞ்சை 1987-இல், மற்ற இரண்டும் 2004-இல்). படத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அது பயணத்தில் சேர வேண்டும். வரிசையை மாற்றினால் தூரமும் நேரமும் உடனே மாற வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

எந்த வரைபடம்? கூகுள் மேப்ஸை நம் பக்கத்தில் பதிக்கலாம். ஆனால் 2018-இல் அவர்கள் பணம் கட்டும் கணக்கு ஒன்றை இணைக்கச் சொல்லி விதி போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது. அதனால் லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பை எடுத்தேன். உக்ரைன் நாட்டு வொலோதிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்டது. இலவசம். சுருக்கி அனுப்பினால் சுமார் 42 கேபிதான், ஒரு சின்னப் புகைப்படத்தைவிடக் குறைவு. படத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தருகிறது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் தன் ஊர்த் தெருவை அதில் வரையலாம்.

பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்கு உயரம், நடுப்புள்ளி, எவ்வளவு நெருக்கத்தில் காட்டணும் என்று ஓர் எண். பத்துப் பன்னிரண்டு வரியில் படம் வந்துவிடும். (பெட்டிக்கு உயரம் கொடுக்காவிட்டால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் தெரியும், பிழை என்று எந்தச் செய்தியும் வராது. செய்து பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவது. உலகம் முழுவதையும் நம் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது? வைத்துக்கொள்வதே இல்லை! தரையில் டைல்ஸ் பதிப்போமே, அதே மாதிரி உலகப் படத்தைச் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 256-க்கு 256 புள்ளி. நெருக்கம் 0 என்றால் உலகமே ஒரு சதுரம். நெருக்கம் 1-இல் 4 சதுரம், 2-இல் 16. ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்கு. 15-ஆவது படியில் 107 கோடிக்கு மேல்! ஆனால் நம் திரையில் தெரிவது பத்து, இருபது சதுரம்தான். விரலால் இழுக்க இழுக்க, தேவைப்படும் சதுரத்தை மட்டும் லீஃப்லெட் கேட்டு வாங்கி ஒட்டுகிறது. இணையம் மெதுவாக இருக்கும்போது ஓரத்தில் சாம்பல் கட்டம் தெரியுமே, அது இன்னும் வந்து சேராத சதுரம்.

அடுத்து இடங்களைக் குறிப்பது. பெரிய கோயில் இருப்பது அட்சம் 10.783, தீர்க்கம் 79.132. லீஃப்லெட்டுக்கு அட்சத்தை முதலில் சொல்ல வேண்டும். ஆனால் பாதை கண்டுபிடிக்கும் சேவைகள் பலவும் தீர்க்கத்தை முதலில் கேட்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? நம் பஸ் வட துருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்குப் போய்விடும்! அதிலும் ஒரு வேடிக்கை. அந்த இடத்திலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளித்தான் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது (2008-இல் திறந்தது). ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளவும்.

புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது ஒரே வரி வேலை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கோட்டை நம்பிப் பணம் வசூலிக்கக் கூடாது. தஞ்சையிலிருந்து தாராசுரம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 31 கி.மீ., அங்கிருந்து சோழபுரம் 30 கி.மீ. மொத்தம் 61. காக்கைக்கு இது சரி. நமக்கு நடுவில் கொள்ளிடம் இருக்கிறது. ஆற்றைப் பாலம் இருக்கிற இடத்தில்தான் கடக்க முடியும், அதனால் சுற்றிப் போய்த்தான் அக்கரை சேர வேண்டும். சாலைக் கணக்கு 70-ஐத் தாண்டிவிடும். வாடகை வண்டி கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக 10, வர 10 என்று 20 கி.மீ. விட்டுப்போனாலே 800 ரூபாய் துண்டு விழும். அப்போ கடைசி நேரத்தில் "தலைக்கு இருபது ரூபாய் கூடக் கொண்டு வா" என்பார்கள். வீட்டில் இரண்டாம் முறை கேட்க முடியாதவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்காமல் பட்டியலில் தன் பெயரை அடித்துவிடுவார்கள். படத்தில் கோடு வளைந்து போகணும் என்று நான் பிடிவாதமாக இருந்தது இதனால்தான்.

வளைந்த கோட்டுக்கு ஓஎஸ்ஆர்எம் என்ற சேவை இருக்கிறது. புள்ளிகளை அனுப்பினால் சாலைப் பாதையையும், தூரத்தை மீட்டரிலும், நேரத்தை நொடியிலும் திருப்பி அனுப்பும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதன் வேர் 1956-இல் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து டைக்ஸ்ட்ரா என்பவர் இருபது நிமிடத்தில் காகிதம் இல்லாமல் யோசித்த வழி. 1959-இல் அச்சில் வந்தது. கிளம்பிய சந்திப்பிலிருந்து மிகக் குறைந்த நேரத்தில் சேரக்கூடிய சந்திப்பை முடிவு செய்துவிடு. பிறகு அங்கிருந்து அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு நேரத்தைக் கூட்டிப் பார், குறைந்தால் திருத்திக்கொள். சேரும் இடம் வரும்வரை இதையே செய். இன்றைய சேவைகள் இதையே பல குறுக்கு வழிகளால் வேகப்படுத்தியவை.

எந்தக் கோயில் முதலில் என்பதைச் செயலி தானாக முடிவு செய்யும்படி நான் விடவில்லை. மூன்று இடத்துக்கு 6 வரிசைதான், நாமே பார்த்துவிடலாம். (பத்து இடம் என்றால் 36,28,800 வரிசை!) அதோடு, தூரம் குறைவான வரிசை நல்ல வரிசையாக இருக்கணும் என்று இல்லை. மதியம் நடை சாத்திவிட்டு மாலை 4 மணி வாக்கில்தான் பல கோயில்களில் திறக்கிறார்கள். உச்சி வெயிலில் பூட்டிய கதவு முன்னால் போய் நின்று என்ன பயன்?

ஒரு மரியாதை விஷயம். சதுரங்களை அனுப்பும் கணினிகள் நன்கொடையில் ஓடுகின்றன. மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. படத்தின் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் பெயரைப் போட்டே ஆக வேண்டும். நம் பக்கத்திலும் இருக்கிறது.

சேவை சொல்லும் நேரம் காருக்கானது. பஸ்ஸுக்கு அதை ஒன்றரையால் பெருக்கிக் காட்டுகிறேன். இதை வண்டி ஓட்டும் அண்ணனிடம் காட்டினபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, சாப்பாட்டுக்கு நிறுத்தறதை எங்கே போடுவே?" இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் "எத்தனை நிமிடம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நிறுத்தும் மர நிழலைக்கூடப் படத்தில் தொட்டுச் சேர்க்கலாம். மதிய இடைவேளையில் கணினி அறை திறந்திருக்கும், வந்து இழுத்துப் பாருங்க.