நடப்பதற்கு முன்னால் சொல்

அன்புள்ள கண்ணம்மா,

மயிலாப்பூரில் வாரம் ஒருமுறை வரும் வட்டாரப் பத்திரிகையில் நீ நிருபராகச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னபோதே உனக்கு எழுத நினைத்தேன். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. "இங்கே செய்தியே இல்லை அத்தை. கோலப்போட்டி, மின்தடை அறிவிப்பு, கண் பரிசோதனை முகாம், இவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். என் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த மாதிரி ஒரு பத்திரிகையில்தான் போயிற்று. அந்த உரிமையில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நடந்து முடிந்ததைத்தான் நீ செய்தி என்று நினைக்கிறாய். அது பெரிய நாளிதழ்களின் வேலை. உன் வேலை நடக்கப்போவதைச் சொல்வது. வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்தால், வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிற ஒரு பெண் புதன் ராத்திரியே அரைத்து வைத்துவிடுவாள். மூன்றாவது மாடியில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பிப் படுத்திருக்கும் பெரியவருக்கு, அவர் மகன் சிலிண்டருக்குச் சொல்லி வைப்பான். அதே செய்தி வெள்ளிக்கிழமை வந்தால் யாருக்கு என்ன பயன்?

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவை நீ பள்ளிக்கூட விடுமுறையாக மட்டும் நினைவில் வைத்திருப்பாய். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைக் கரையோரங்களில் படுக்கப் போன பலருக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏரியின் மட்டம், திறக்கும் நீரின் அளவு எல்லாம் அரசு அலுவலகங்களில் எண்களாக இருந்தன. 'உன் தெருவுக்கு வரும், பத்திரத்தையும் பாட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பு' என்று அந்த எண்ணைப் பெயர்த்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அறிவிப்பு வேறு, அது மனிதரிடம் போய்ச் சேர்வது வேறு. இடையில் இருக்கிற தூரத்தை நடந்து கடப்பதுதான் உன் உத்தியோகம்.

இனி உன் ஊர்க் காலண்டருக்கு வருகிறேன். மயிலாப்பூரைப் போல வருஷம் முழுக்க நிறைந்த காலண்டர் சென்னையில் அதிகப் பேட்டைகளுக்குக் கிடையாது. தைப்பூசத்தை ஒட்டிக் கபாலீசுவரர் குளத்தில் தெப்பம். பங்குனியில் பத்து நாள் உற்சவம். ஆடியில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் கூழ். ஆகஸ்டில் லஸ் மாதா கோயில் திருவிழா, அதே மாதம் மெட்ராஸ் தினத்தின் நடைகள். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள். மார்கழியில் சபாக்கள், விடியற்காலையில் மாட வீதி பஜனை. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா. நடுநடுவே நாகேஸ்வரராவ் பூங்காவில் குழந்தைகள் பாடும் மைக் இல்லாத கச்சேரி. கச்சேரி ரோடு ஜும்மா பள்ளிவாசலின் ரம்ஜான் மாதத்தையும், சாந்தோம் பேராலயத்தின் பெரிய வெள்ளியையும் உன் டைரியில் குறித்திருக்கிறாயா? பார்த்துக்கொள். காலண்டரில் பாதியை விட்டுவிட்டால் ஊரில் பாதியை விட்டதாகிவிடும்.

இவற்றை எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறுபத்து மூவர் விழாவை எடுத்துக்கொள். பங்குனி உற்சவத்தின் ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் பிற்பகல் நாயன்மார்கள் பல்லக்குகளில் கபாலீசுவரரோடு நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருவார்கள். முண்டகக்கண்ணி அம்மனும் கோலவிழி அம்மனும் கூட வருவார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் 'பக்தர்கள் வெள்ளம்' என்று படம் வரும். உன் பத்திரிகை அந்தப் படத்தைப் போடாவிட்டால் குடி முழுகாது. முந்தின வாரம் நீ எழுத வேண்டியது வேறு. எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடைபடும்? பேருந்துகள் எந்தப் பக்கம் திரும்பும்? மாட வீதிக்குள்ளேயே குடியிருப்பவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக வரும்? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? கூட்டத்தில் பிள்ளை தவறிப்போனால் எந்தப் பந்தலுக்கு ஓட வேண்டும்? நீர்மோரும் சித்ரான்னமும் கொடுக்கிறவர்கள் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், குப்பைக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? அன்று ராத்திரி மாட வீதிகளைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கு அந்தச் சாப்பாட்டில் பங்கு உண்டா, வேலை முடிந்து எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதையும் விசாரி. அந்தக் கேள்வியை முன்கூட்டியே அச்சில் போட்டால், யாராவது ஒரு உபயதாரர் அவர்களுக்காக ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைப்பார்.

கோலப்போட்டியும் அப்படித்தான். வடக்கு மாட வீதியில் உட்கார்ந்து கோலம் போடுகிறவர்களில் பலர் வருஷம் முழுக்க யாராலும் கைதட்டப்படாதவர்கள். அவர்களுக்கு வேண்டியது பரிசு வாங்கியவர் புகைப்படம் அல்ல. பேர் எங்கே கொடுப்பது, கட்டம் எத்தனை அடி, மாவு கொண்டுவர வேண்டுமா, பள்ளிக்கூடம் போகிற பெண் கலந்துகொள்ளலாமா: இந்த நான்கையும் தெளிவாக எழுது. எழுதிவிட்டு, வீட்டு வேலை முடிந்து பஸ் பிடிக்கிற ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டு. அவருக்குப் புரிந்தால் அச்சுக்கு அனுப்பு.

இதெல்லாம் சின்ன விஷயம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை என்றால் மெட்ராஸ் தினத்தைப் பார். 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியை நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடலாம் என்று 2004இல் தொடங்கியவர்கள் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா என்ற மூன்று பேர். மூன்று பேருமே பத்திரிகை மனிதர்கள். முத்தையா 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' தொடங்கியவர். வின்சென்ட் 1994இல் 'மயிலாப்பூர் டைம்ஸ்' தொடங்கியவர். பெரிய மேடையோ, தலைமை அலுவலகமோ இல்லாமல் அந்த விழா வளர்ந்தது. ஒருவர் தன் தெருவைச் சுற்றிக் காட்டுவார், ஒரு பள்ளி பழைய புகைப்படங்களை வைக்கும், இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் பேச்சு வைப்பார். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்ற பட்டியல்தான் இவ்வளவையும் ஒரு விழாவாகக் கட்டி வைத்திருக்கிறது. நீ அலுத்துக்கொள்கிறாயே, அதே நிகழ்ச்சிப் பட்டியல்தான்.

பட்டியல் என்றதும் சரிபார்ப்பு நினைவுக்கு வருகிறது. நோட்டீசில் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று முதலில் பார். பொருந்தாத நோட்டீஸ் மாதத்துக்கு ஒன்றாவது உன் மேஜைக்கு வரும். வாட்ஸ்அப் குழுவில் வருவதில் வருஷம் இருக்கிறதா பார். போன வருஷத்து இலவச மருத்துவ முகாம் இந்த வருஷமும் சுற்றிக்கொண்டிருக்கும். அதை நம்பி ஒரு கிழவர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவார். அச்சுக்குப் போகும் முன் நிகழ்ச்சி நடத்துபவரிடம் போனில் ஒருமுறை கேட்டுவிடு. 'இலவசம்' என்றால் கண் கண்ணாடியும் இலவசமா, பரிசோதனை மட்டுமா என்று கேள். மாடியில் நடக்கிறது என்றால் லிஃப்ட் உண்டா என்று கேள். இந்த இரண்டு கேள்விக்காக உன்னை யாரும் பாராட்ட மாட்டார்கள். அதனால் கேட்காமல் இருந்துவிடாதே.

அடுத்ததுதான் எனக்கு மனசில் மிகவும் கனக்கிற விஷயம். நம் நகரத்தின் பேட்டைப் பத்திரிகைகளில் பேர் பெற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருபவை. அடுக்குமாடி வீடுகளின் வாசலில் இலவசமாகப் போடப்படுபவை. அவை செய்த நன்மை பெரிது; நானும் அதில் சோறு தின்றவள்தான். ஆனால் சாந்தோம் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடல் பக்கம் போ. நொச்சிக்குப்பம், டுமீல்குப்பம், சீனிவாசபுரம் எல்லாம் உன் வட்டாரம்தானே? 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் மீன் விற்ற பெண்களின் கடைகளை அப்புறப்படுத்த மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட ஒரு வழக்கை ஒட்டி நடந்தது அது. பிறகு நொச்சிக்குப்பத்தில் புது மீன் அங்காடி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். சாலையில் நெரிசல் என்று எழுதியவர்கள் நிறைய. அந்தப் பெண்களுக்கு முன்கூட்டி என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னது, எந்த மொழியில், எந்தக் காகிதத்தில் என்று எழுதியவர்கள் குறைவு. தன் பிழைப்பைப் பற்றிய முடிவு எப்போது, எங்கே எடுக்கப்படும் என்று தெரிந்தவர் போய் நின்று பேசுவார். தெரியாதவர் மறுநாள் ரோட்டில் உட்கார்ந்து அழுவார். இரண்டுக்கும் நடுவில் நாலு வரிச் செய்தி ஒன்று இருந்திருக்கலாம்.

ஆகவே ஆசிரியரிடம் கேள்: வாரத்தில் ஒரே ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். தண்ணீர், மின்சாரம், முகாம், கூட்டம் என்று மட்டும் இருந்தால் போதும். அதை வீட்டு வாசலில் போடச் சொல்லாதே. டீக்கடைச் சுவரிலும், ரேஷன் கடையிலும், வலை பின்னும் கூடத்திலும் ஒட்டச் சொல். ஒட்டப் போகும்போது நீயும் போ. அங்கே நின்று படிப்பவர்கள் சொல்வதுதான் உன் அடுத்த வாரச் செய்தி.

லஸ் பக்கம் மெட்ரோ வேலையைப் பற்றிப் புலம்பல் கடிதங்கள் நிறைய வருகின்றன என்றாய். வரும். மாதவரம் தடமும் பூந்தமல்லித் தடமும் திருமயிலையில் தரைக்கடியில் சந்திக்கின்றன. வேலை சீக்கிரம் முடிகிற காரியமில்லை. புலம்பலை அப்படியே போடுவதைவிட, வாரா வாரம் எந்தத் திருப்பம் மூடியிருக்கிறது, எந்தக் கடைக்கு எந்தப் பக்கமாக நடக்கலாம் என்று ஒரு சின்ன வரைபடம் போடு. தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் மறைந்துபோன தையல்காரரும் பழைய புத்தகக் கடைக்காரரும் உனக்கு நன்றி சொல்வார்கள்.

இப்போது ஐப்பசி பிறக்கப்போகிறது, மழை வரும். உன் தெருக்களில் எங்கே தண்ணீர் தேங்கும் என்று இஸ்திரி வண்டிக்காரருக்கும் பால் போடுகிறவருக்கும் தெரியும். அவர்களைக் கேட்டு எழுது. வடிகால் மூடி திறந்து கிடக்கும் இடங்களைப் படத்தோடு போடு. மாநகராட்சிப் புகார் எண் 1913ஐ ஒவ்வொரு இதழிலும் ஒரே இடத்தில் போடு. அவசரத்தில் தேட வேண்டியிருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதே ஒரு தலைமுறைக்கு மறந்துபோயிற்று. அந்தத் தேர்தலில் 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஏரியா சபை என்று விதி வந்து, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்ததில் முதலமைச்சரே உட்கார்ந்திருந்தார். உன் வட்டாரத்தில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கூட்டம் உண்டு என்று தெரியும்? தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப் பார். கூட்டம் நடக்கும், பத்து நாற்காலி நிறையும், தீர்மானம் எழுதப்படும். ஊருக்குத் தெரியாமல் நடந்தால் அது யாருடைய கூட்டம்?

நாளைக்கே தேனாம்பேட்டை மண்டல அலுவலகத்துக்குப் போ. உன் வார்டுகளுக்கு அடுத்த ஏரியா சபை என்றைக்கு, எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கு. 'இன்னும் முடிவாகவில்லை' என்பார்கள், மறுவாரமும் போ. போன கூட்டத்தின் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதையும் கேள். தேதி கிடைத்ததும் முதல் பக்கத்தில் போடு, கச்சேரிக்குக் கொடுக்கிற இடத்துக்குக் குறையாமல். குப்பத்துச் சுவருக்கும் ஒரு பிரதி. எனக்கும் ஒன்று தபாலில் அனுப்பு. என் தெருக்காரர்களிடம் காட்டி, எங்கள் வார்டுக்கும் தேதி கேட்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை