புள்ளியா, அடைப்பா, மேப்பா? செக்ரோலை நிரலாக்க உட்காரும் பிள்ளைக்கு

பசறை, லுணுகலை, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தராசில் சாக்கு ஏறும், கணக்கப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார், எடுத்தவர் அதைக் காதால் கேட்ட பிறகுதான் நகருவார். இலக்கம், பெயர், மலை, காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் வேலையா அரைநாளா) என்று செக்ரோலில், அதாவது வருகையும் சம்பளமும் பதியும் பேரேட்டில், விழும் அந்த ஒரு வரிதான் நிரலாளர் சொல்லும் ஒப்ஜெக்ட். வரியின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பண்பு. பதுளையில் ஏ.எல். பிள்ளைகளுக்கு இதையே உதாரணமாக எடுப்பேன். ‘வகுப்பு என்பது கார், பண்பு என்பது நிறம்’ என்று தொடங்கும் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுவதில்லை. லயத்து முற்றம் வரைக்கும் கார் வருவது எப்போதாவதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் பண்பை எடுக்க இரண்டு வழி உண்டு. ஆள்.கிலோ என்று புள்ளி வைக்கலாம், ஆள்["கிலோ"] என்று சதுர அடைப்பும் போடலாம். (பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்டும் பைதன் 3உம் ஏற்கும்.) எதை எடுப்பது? பண்பின் பெயரை யார் தீர்மானிக்கிறார் என்று கேளுங்கள். நிரல் எழுதும்போதே உங்களுக்குத் தெரிந்த பெயர் என்றால் புள்ளி. பெயர் ஓடும்போது வருகிறது, காலையா மாலையா என்பதைத் திரையில் ஒருவர் தெரிவுசெய்கிறார் என்றால் அடைப்பு. ‘பகல் நிறுவை’ என்று இடைவெளியோடு பெயர் வைத்தவருக்கும் அடைப்புதான் கதி. நான் இடைவெளி வைக்க விடமாட்டேன்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இதைப் பார்ப்பது அரிது. ‘கொழுந்து’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இரண்டு குறிகள் போடுவது மற்றது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரு கோப்பில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் மற்ற விதமாகவும் தட்டப்பட்டிருந்தால் ஆள்.கொழுந்து ‘அன்டிஃபைன்ட்’ என்று திரும்பும். அதைச் சம்பளத்தோடு பெருக்கினால் கட்டத்தில் ‘நேன்’, அதாவது எண் அல்ல, என்று வந்து நிற்கும். ஒரு மாணவி இதைத் தேடி ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தாள். கடைசியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தோம், ஒன்றில் எட்டு, மற்றதில் ஒன்பது. பைதன், நிரலில் உள்ள பெயர்களைத் தானே ஒருசீராக்கிக்கொள்ளும். ஆனால் டிக்ஷனரியில் சாவியாகப் போடும் சரங்களைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையுமே தொடாது. வெளியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் உள்ளே விடுமுன் ‘நோர்மலைஸ்’ செய்துவிடுங்கள், இது இரண்டு மொழியிலும் உண்டு.

அடுத்தது, எல்லா ஆட்களையும் எதில் வைப்பது? பெயரைச் சாவியாக்கலாம் என்ற நினைப்பை முதலிலேயே விட்டுவிடுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்தாலும் ஒரே டிவிஷனில் இரண்டு ம. செல்வி இருப்பார்கள். இலக்கம்தான் சாவி. ஆனால் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஒப்ஜெக்ட்டில் 41, 7, 120 என்ற வரிசையில் ஆட்களைப் போட்டால், திரும்பி வரும்போது 7, 41, 120 என்று நிற்பார்கள். முழு எண் போலிருக்கும் சாவிகளை அது ஏறுவரிசையில் அடுக்கிவிடும். தராசில் நின்ற வரிசை போய்விடும், ‘எனக்கு முன்னால் நின்றவளுக்கு எவ்வளவு எழுதினீர்கள்’ என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்காது. 2015இல் வந்த ‘மேப்’ போட்ட வரிசையைக் காக்கும், எத்தனை பேர் என்று கேட்டால் உடனே சொல்லும். ஆகவே ஒரு ஆளின் கட்டங்களுக்கு ஒப்ஜெக்ட், ஆட்களின் கூட்டத்துக்கு மேப். பைதனில் இந்தத் தலையிடி இல்லை, 3.7 முதல் டிக்ஷனரியே போட்ட வரிசையைக் காப்பதாக மொழியே உறுதி தருகிறது.

இல்லாத பண்பும் பூச்சியமும் ஒன்றல்ல. அன்று புல்லு வெட்டப் போனவருக்குக் கிலோ என்ற கட்டமே கிடையாது. மலைக்குப் போய், மழை பிடித்து வெறும் கையோடு இறங்கியவருக்குக் கிலோ 0. ‘ஆள்.கிலோ இருந்தால்’ என்று வெறுமனே சோதித்தால் ஜாவாஸ்கிரிப்ட் இருவரையும் ஒரே கணக்கில் தள்ளிவிடும். கட்டம் இருக்கிறதா என்று தெரிய ‘ஹேஸ்-ஓன்’. இல்லாதபோது மட்டும் ஒரு மாற்று மதிப்பு வேண்டுமென்றால் 2020இல் வந்த இரட்டைக் கேள்விக்குறி. பழைய இரட்டைக் கோடு 0ஐயும் மாற்றிவிடும். பைதன் இந்த விடயத்தில் கறாரானது, இல்லாத சாவியை அடைப்பில் கேட்டால் பிழை காட்டி நின்றுவிடும். சம்பளக் கணக்குக்கு அந்தக் கறார்தான் எனக்குப் பிடிக்கும்.

எதைச் சேமிப்பது, எதைக் கணக்கிடுவது? அடையாள அட்டை இலக்கம் கையில் இருக்கும்போது பிறந்த நாளை ‘கெட்டர்’ (கேட்கும்போதே கணக்கிட்டுத் தரும் பண்பு) வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் உற்சாகமாக வருவார்கள். எடுக்கலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கம். ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கம் நாளின் எண், பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். அந்த எண் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே வைத்து எண்ணுகிறது. 2001 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 561. நாட்காட்டியை அப்படியே நம்பும் கெட்டர் அவளை மார்ச் 2இல் பிறக்கவைக்கும். பிறப்புப் பதிவு பிந்திய முதியவர்களும் தோட்டங்களில் உண்டு. சான்றிதழில் உள்ள திகதியைத் தனிப் பண்பாகச் சேமியுங்கள், கெட்டரை ஒத்துப்பார்க்க மட்டும் வையுங்கள்.

மொத்தக் கிலோ இதற்கு நேர் எதிர். மூன்று நிறுவை இருக்கும்போது மொத்தத்தைச் சேமித்தால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறக்கும் நாள் வரும். அதைக் கெட்டருக்கே விடுங்கள்.

நாட்சம்பளத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சம்பளம்தானே என்று வகுப்பின் பொதுப் பண்பாக ஒரே இடத்தில் வைப்பார்கள். 2021இல் அது 1000 ரூபாய். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனபோது அந்த ஒற்றை எண்ணை மாற்றினால், முடிந்துபோன மாதங்களின் சம்பளச் சீட்டும் சேர்ந்தே மாறும். ஆளின் பண்பாக வைத்தாலும் இதே கதைதான். அன்றைய சம்பளம் அன்றைய வரிக்குச் சொந்தம், நாள் பதிவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். மாதம் முடிந்ததும் பதிவை ‘ஃப்ரீஸ்’ செய்யலாம். ஆனால் அது மேல்மட்டத்தை மட்டுமே உறையவைக்கும், உள்ளே நிறுவைகளை இன்னொரு ஒப்ஜெக்ட்டாக வைத்திருந்தால் அதையும் தனியே உறையவைக்க வேண்டும். அந்த வரியிலிருந்துதான் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. 50 வயதில் ஒரு பெண் அந்தப் பணத்தைக் கேட்டு வரும்போது, அவள் 22 வயதில் எடுத்த கொழுந்துக்கு அன்றைய விலை அதே வரியில் இருக்க வேண்டும்.